ரிப்பேர் செலவு யார் கணக்கில்?

சென்னையில் பழைய ஃபிளாட்டோ தனி வீடோ கைமாறும்போது, என்னைப் போன்ற சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுவது பெரும்பாலும் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான். அதற்குள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருப்பார்கள். மூலப் பத்திரத்தை வக்கீல் படித்திருப்பார். வாஸ்து பார்த்தாயிற்று, பதிவுக்கு நல்ல நாளும் குறித்தாயிற்று. சுவரையும் கூரையையும் குழாயையும் மட்டும் யாரும் கிட்டே போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். ‘பில்டிங் நல்ல ஸ்ட்ராங்கு சார்’ என்று புரோக்கர் சொன்னதே போதும் என்று இருந்துவிடுவார்கள். பிறகு ஒருநாள், வீட்டை அளந்து அலமாரிக்கு எஸ்டிமேட் போட வந்த ஆசாரி, நிலைக்கதவின் அடியில் விரலை வைப்பார். விரல் உள்ளே போகும். கரையான். அங்கே ஆரம்பிக்கும் பேச்சு, ‘இதுக்கு யார் செலவு பண்றது?’ என்ற இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும்.

கட்டடத்தைச் சோதிப்பது என் தொழிலில் பாதிதான். மீதிப் பாதி, அந்தக் கேள்வியை நடுவில் வைத்து இரண்டு குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது. விற்பவருக்கு அது பிள்ளைகளை வளர்த்த வீடு, குறை சொன்னால் மனசு சுடும். வாங்குபவருக்கு அது இருபது வருடக் கடன், ஒவ்வொரு விரிசலும் பயத்தைக் கொடுக்கும். இருவருமே நியாயமாகத்தான் பேசுவார்கள். ஆனால் ஒரே விரிசலை ஒருவர் ‘சும்மா மேல்பூச்சு’ என்பார், இன்னொருவர் ‘பில்டிங்கே போச்சு’ என்பார்.

நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று. விலை பேசி முடித்த நாளில் இந்தக் குறை இரண்டு பேருக்கும் தெரியுமா? தெரிந்திருந்தால் அது விலையில் அடங்கிவிட்டது, மறுபடி அதைக் காட்டிக் காசு கேட்பது முறையில்லை. முப்பது வருட ஃபிளாட்டில் ஜி.ஐ. குழாய் துருப்பிடித்திருக்கும், ஸ்விட்ச் போர்டு பழசாக இருக்கும், மொசைக் தரை மங்கியிருக்கும். புது ஃபிளாட்டுக்கும் இதற்கும் சதுர அடிக்கு இத்தனை வித்தியாசம் என்று பேசும்போதே இவை எல்லாம் கணக்கில் சேர்ந்துவிட்டன. பத்து வருடம் ஓடிய பைக்கை வாங்கியவர் புது டயருக்குத் தனியாகக் காசு கேட்பதில்லை. விலை முடிந்த பிறகு வெளிப்பட்டது, பார்த்தும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது எதுவோ, அதுதான் பேச்சுக்கு உரியது.

இது என் சொந்தத் தத்துவம் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை எதுவானாலும் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு முடிகிறது. சாதாரண கவனம் என்பது வாங்குபவரையும் கட்டும். ஹால் கூரையில் ஈரக்கறை பளிச்சென்று தெரியும்போது அண்ணாந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தவர், பிறகு வந்து ‘மறைச்சுட்டாங்க’ என்று சொல்ல முடியாது. ‘இருக்கிற நிலையில் விற்கிறேன்’ என்று அக்ரிமென்ட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கும் விற்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற பழமைக்கு அந்த வரி உதவும். தெரிந்தே மூடி மறைத்ததற்கு அது கவசமாகாது.

இதற்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு, சிவில் வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பிரிவை இருவர் முன்னாலும் எளிய தமிழில் சொல்லிவிட்டு, ‘உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார்’ என்று விற்பவரிடம் கேட்டால், பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுகிறார்கள். மறைக்க வேண்டும் என்று திட்டம் போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். வாய்திறந்து யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லாமல் இருந்தவர்களே அதிகம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு ஃபிளாட். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம், இரண்டாவது மாடி வீடு. விற்பவர் ஓய்வுபெற்ற மனிதர், மனைவியோடு கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போகத் தீர்மானித்திருந்தார். வாங்குகிறவர்கள் பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தையோடு ஒரு இளம் தம்பதி. வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை. எனக்கு அந்த வாசனை வந்தாலே உடம்பு விழித்துக்கொள்ளும், ஏனென்றால் பட்டியும் பெயிண்ட்டும் ஒரு ஈரச் சுவரை நான்கைந்து மாதத்துக்கு மறைத்து வைக்கும். போதாததற்கு அது வைகாசி மாதம். தை, வைகாசி, ஆவணி என்று நாள் பார்த்து நாம் வீடு வாங்குகிறோம். மழைக்கால ஒழுக்கு அந்த மாதங்களில் உறங்கிக் கிடக்கும். ஐப்பசியில் கொட்டும் மழையில் போய்ப் பார்த்தால், யாரும் சொல்லாமல் வீடே தன் குறையைச் சொல்லும்.

மேலே பார்த்து முடித்ததும், கீழ் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். விற்பவர் முகம் லேசாக மாறியது. ‘அவங்க வீட்டுல இருப்பாங்களான்னு தெரியலையே’ என்றார். இருந்தார்கள். கதவைத் திறந்த அம்மா, நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்டுக்கொண்டதும், ‘வாங்க சார், நீங்களாவது வந்து பாருங்க’ என்று நேராகக் குளியலறைக்கே அழைத்துப் போனார். கூரையில் பூச்சு இரண்டு முழ அகலத்துக்குப் பெயர்ந்து கம்பி தெரிந்தது. கம்பியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கயிற்றால் சாய்வாகக் கட்டி, சொட்டும் தண்ணீர் தலையில் விழாமல் மூலையில் இருந்த வாளிக்குப் போகும்படி செய்திருந்தார்கள். வாளியில் பாதி தண்ணீர்.

‘ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன் சார். மழைத் தண்ணின்னு சொல்றாரு. இப்ப எங்க சார் மழை?’

விற்பவர் படியிலேயே நின்றுவிட்டார். வாங்க வந்த பையன் அவரைப் பார்த்து, ‘அங்கிள், இதை நீங்க சொல்லவே இல்லையே’ என்றான். கோபத்தில் சொல்லவில்லை. அதனால் அவருக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் செலவைப் பேசக் கூடாது. தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை இருந்தால், மெயின் வால்வைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் சொட்டும். கழிவுக் குழாயின் இணைப்போ தரையோ விட்டிருந்தால், யாராவது குளித்த பிறகுதான் சொட்டும். அன்று இரவு மேல் வீட்டு வால்வை மூடச் சொன்னேன், சொட்டு குறைந்து நின்றது. மறுநாள் வால்வைத் திறந்துவிட்டு, யாரும் குளிக்காமல் பார்த்தோம். சொட்டவில்லை. ஆகவே வரத்துக் குழாய் இல்லை. பிறகு குளியலறைத் தரை ஓட்டையைத் துணியால் இறுக அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி, அதில் சொட்டு நீலத்தைக் கலந்துவிட்டேன். மறுநாள் காலை கீழ் வீட்டு வாளித் தண்ணீர் வெளிறிய நீலம். தரையில் நீர்க்காப்பு போய்விட்டது. இனி யாரும் மழையைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்தக் காலக் குளியலறைகளைச் சங்கன் ஸ்லாப் என்பார்கள். அறையின் கான்கிரீட் தளத்தை மற்ற இடங்களைவிட முக்கால் அடி, ஒரு அடி கீழே இறக்கிப் போட்டு, அந்தப் பள்ளத்தில் கழிவுக் குழாய்களை ஓட்டி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். டைல்ஸ் இணைப்பில் போகும் தண்ணீர் பள்ளத்தில் தேங்கும். ஜல்லி அதை வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கீழே கசியவிடும். மேலே டைல்ஸ் இடுக்கில் எந்தக் கெமிக்கலைத் தடவினாலும், பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் வெளியேறப் போவதில்லை. உடைத்து, ஜல்லியை அள்ளி, குழாயை மாற்றி, நீர்க்காப்புப் பூச்சு அடித்து, 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி மூட வேண்டும்.

இப்போது மூன்று கணக்குகள் மேஜைக்கு வந்தன. விற்பவரின் கொத்தனார், டைல்ஸ் இடுக்கில் எபாக்சி அடிக்க 18,000 போதும் என்றார். வாங்குபவர் பக்கத்து இன்டீரியர் ஆள், இரண்டு குளியலறைக்கும் சேர்த்து 4,25,000 எழுதியிருந்தார். அதில் கூரை உயர டைல்ஸ், சுவரோடு ஒட்டிய புது கிளாசெட், கண்ணாடித் தடுப்பு எல்லாம் இருந்தன. என் கணக்கு 1,46,000. ஒழுகுகிற குளியலறை ஒன்று மட்டும், அதோடு கீழ் வீட்டுக் கூரையின் கம்பியைச் சுரண்டித் துரு நீக்கி, பாலிமர் சாந்து பூசி, பெயிண்ட் அடிப்பது வரை.

இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. விற்பவர் ஒழுக்கை இன்றைக்கு நிறுத்துவதற்குக் கணக்குப் போடுகிறார். வாங்குபவர் தான் வாழ ஆசைப்படும் குளியலறைக்குக் கணக்குப் போடுகிறார். விற்பவர் கடன்பட்டிருப்பது ஒழுகாத குளியலறைக்குத்தான், புதுக் குளியலறைக்கு இல்லை. எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வரியாகக் கையை வைத்து, இது குறையைத் தீர்க்கிறதா, இல்லை வீட்டை உயர்த்துகிறதா என்று இருவர் முன்னாலும் பிரித்தேன். சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் டைல்ஸ் விற்பவர் கணக்கு. வாங்குபவர் நூற்றிருபது ரூபாய் டைல்ஸ் கேட்டால் மேலே எழுபது ரூபாய் அவர் கணக்கு. கிளாசெட்டைக் கழற்றி மறுபடி மாட்டும் கூலி விற்பவருடையது, புதுக் கிளாசெட்டின் விலை வாங்குபவருடையது.

ஒரு சின்னச் சிக்கல் கடைசி வரை இழுத்தது. தரையை உடைக்கும்போது சுவரின் கீழ் வரிசை டைல்ஸும் போகும், நீர்க்காப்புப் பூச்சைச் சுவரில் ஒரு அடிக்கு ஏற்ற வேண்டும். அந்தப் பழைய ரோஸ் நிற டைல்ஸ் இப்போது கடையில் கிடையாது. ‘அப்போ சுவர் முழுக்க மாத்தித் தரணும்ல’ என்றது வாங்குபவர் பக்கம். ‘ஒரு வரிசைக்காகச் சுவர் முழுக்கவா?’ என்றது விற்பவர் பக்கம். கீழே இரண்டு அடிக்குப் பொருந்தக்கூடிய அழுத்தமான நிறத்தில் பார்டர் போலப் போட்டுவிடலாம் என்றேன். வாங்குபவரின் மனைவி கடைக்குப் போய் மரூன் நிறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தாள். பிரச்சினை முடிந்தது. எத்தனையோ வீட்டுப் பேரங்கள் இந்த அளவு விஷயத்தில் முறிந்து போயிருக்கின்றன.

செலவு இவ்வளவு, யாருடையது என்று முடிந்த பிறகுதான் கடினமான கேள்வி வரும். அதைத் தீர்ப்பது எந்த வழியில்? விற்பவரே செய்து தருவதா, விலையைக் குறைப்பதா?

விற்பவரே செய்து தருகிறேன் என்றால் நான் தயங்குவேன். இன்னும் ஒரு மாதத்தில் காலி செய்யப்போகும் மனிதர், தான் குளிக்கப்போகாத குளியலறையை எவ்வளவு அக்கறையோடு கட்டுவார்? கொத்தனாரிடம் சீக்கிரம் முடி என்றுதான் சொல்வார். 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்க்கப் பொறுமை இருக்காது. வேலை செய்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கே வாழப்போகிறவருக்குத்தான் இருக்க வேண்டும். அதனால் விலையைக் குறைத்துக்கொண்டு, ரிப்பேரை வாங்குபவர் பார்த்துக்கொள்வதே நல்லது என்று தோன்றும். ஆனால் வங்கிக் கடன் உள்ளே வரும்போது கணக்கு வேறாகிறது.

எண்பது லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆகவே கடன் 64 லட்சம், கைக்காசு 16 லட்சம். ரிப்பேருக்காக விலையில் 3 லட்சம் குறைத்தால் விலை 77 லட்சம், கடன் 61,60,000, கைக்காசு 15,40,000. மூன்று லட்சம் குறைந்தும் கையில் மிஞ்சுவது 60,000 ரூபாய்தான். ரிப்பேருக்குத் தேவையோ முழு 3 லட்சம் ரொக்கம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்ற கணக்கில் இன்னொரு 27,000 மிச்சப்படும். பத்திர விலை அரசு வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனால் அதுவும் கிடைக்காது. மாதத் தவணை குறையும், உண்மைதான். ஆனால் முதல் மாதம் கொத்தனாருக்குக் கூலி கொடுக்க அது உதவாது. சேமிப்பையெல்லாம் கொட்டி வீடு வாங்கும் இளம் குடும்பங்கள் இங்கேதான் திணறுகின்றன. விலை குறைந்த சந்தோஷத்தில் குடியேறி, ஒழுகும் குளியலறையோடு இரண்டு வருடம் ஓட்டுகிறார்கள்.

அதனால் பேச்சு தொடங்கும்போதே வாங்குபவரிடம் ஒன்று கேட்டுவிடுவேன்: உங்கள் கடன் வீட்டு மதிப்பின் வரம்பில் நிற்கிறதா, உங்கள் சம்பளத்தின் வரம்பில் நிற்கிறதா? சம்பளத்தால் கடன் ஏற்கனவே குறைவாக இருப்பவருக்கு, விலையில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் கைக்காசாகவே மிஞ்சும். அவர்களுக்கு விலைக் குறைப்புதான் சரி. வீட்டு மதிப்பின் வரம்பு வரை கடன் வாங்குகிறவர்களுக்கு வேறு வழி வேண்டும்.

மேற்கு மாம்பலத்தில் அந்த வழியில் போனோம். பத்திர விலையில் கை வைக்கவில்லை. விற்பவர் தான் வாங்கிய அட்வான்ஸிலிருந்து 1,46,000 ரூபாயை ரிப்பேருக்கு ஒதுக்கினார். வாங்குபவர் தேர்ந்தெடுத்த மேஸ்திரிக்கு, வேலை நடந்த அளவுக்கு, விற்பவரே தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினார். வேலை பதிவுக்கு முன்பே முடிய வேண்டும், தண்ணீர் நிறுத்திப் பார்க்கும்போது இரண்டு வீட்டாரும் இருக்க வேண்டும் என்று அக்ரிமென்ட்டில் எழுதினோம். ஏதோ காரணத்தால் விற்பனை நின்றுபோனால் ரிப்பேர் செலவை விற்பவர் திருப்பிக் கேட்கக் கூடாது என்றும் எழுதினோம். அவருடைய வீடு, அவருடைய ஒழுக்கு, யார் வாங்கினாலும் அவர் சரிசெய்தே ஆக வேண்டியது. அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். கீழ் வீட்டு அம்மாவின் கூரை வேலைதான் முதலில் முடிய வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

குறுக்கு வழிகளும் உண்டு, வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது என்னிடம் சொல்வார்கள். பத்திரத்தில் முழு விலை போட்டுக்கொள்ளுங்கள், பதிவு முடிந்ததும் மூன்று லட்சத்தைக் கையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்பது அதில் ஒன்று. வங்கி முழு விலையை நம்பித்தான் கடன் கொடுக்கிறது, திருப்பிக் கொடுத்தால் பத்திரத்தில் இருக்கும் விலை பொய். அந்த ஏற்பாட்டில் நான் உட்கார மாட்டேன். பதிவுக்குப் பிறகு செய்து தருகிறேன் என்று வாய் வார்த்தையில் விடுவது இன்னொன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் ரேகை வைத்து, போட்டோ எடுத்து, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று விற்பவர் ஒப்புக்கொண்ட பிறகு, அந்த வாக்குறுதியைக் கேட்டு வாங்க வாங்குபவரிடம் எந்தப் பிடியும் இருக்காது. ரிப்பேர் பேச்சு எதுவானாலும் பதிவு நாளுக்கு முன் முடிந்தாக வேண்டும்.

கணக்கே போடக் கூடாத வீடுகளும் உண்டு. திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மேல் மாடி ஃபிளாட் ஒன்று. ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங், உள்ளே மஞ்சள் விளக்குகள், பார்க்கவே அழகு. ஒரு ஓரத்துப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். தளத்தின் அடிக் கான்கிரீட் கை அகலத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. கடல் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பெயரும். உடைந்த புது முகத்தில் பினாப்தலீன் தெளித்தேன். நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். கம்பியைச் சுற்றி நிறமே வரவில்லை. கம்பிக்குக் காவலாக இருந்த காரத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். ‘எவ்வளவு குறைச்சுக் கேக்கலாம் சார்?’ என்றார் வாங்க வந்தவர். குறைத்துக் கேட்க ஒன்றும் இல்லை என்றேன். அந்தத் தளம் அவர் ஒருவருடையது இல்லை. மேல் தளமும் தூணும் உத்தரமும் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொது, எல்லோரும் சேர்ந்து தீர்மானம் போட்டுத்தான் சரிசெய்ய முடியும். விற்பவர் தரும் எந்தத் தள்ளுபடியும் மற்ற வீட்டுக்காரர்களின் சம்மதத்தை வாங்கித் தராது. வாங்கியே தீருவேன் என்றால், கட்டடத்துக்கு ஒரு பைசா மதிப்புப் போடாமல், பிரிக்கப்படாத நிலப் பங்குக்கு மட்டும் விலை பேசச் சொன்னேன். அவர் வேறு வீடு பார்த்தார்.

பொதுப் பகுதி என்றதும் இன்னொன்று. அசோசியேஷன் பொதுக்குழுவில் வெளிப்பூச்சுக்கும் மொட்டை மாடித் தட்டோட்டுக்கும் வீட்டுக்கு இத்தனை ஆயிரம் என்று தீர்மானம் போட்டிருப்பார்கள், வசூல் இன்னும் ஆரம்பித்திருக்காது. பதிவு நாள் வரை வந்த அரசு வரிகளை விற்பவர் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டது. அசோசியேஷன் வசூல் அரசு வரி இல்லை. ‘பாக்கி ஏதும் இல்லை’ என்று செயலாளர் கொடுக்கும் கடிதம் அன்றைய தேதிக்கு உண்மையாகவே இருக்கும். அடுத்த மாதம் புதிதாக வந்தவர் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு ஆள் நிற்பார். கடைசியாக நடந்த பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தீர்மானம் அக்ரிமென்ட்டுக்கு முன் வந்திருந்தால் விற்பவர் கணக்கு, பின் வந்தால் வாங்குபவர் கணக்கு என்று எழுதிக்கொள்வது நியாயமாக இருக்கும்.

கட்டி ஐந்து வருடம் ஆகாத ஃபிளாட்டாக இருந்தால், விற்பவர் வாங்குபவர் இருவரும் மோதிக்கொள்ள அவசியமே இல்லை. ரெரா சட்டம், 2016, 14-ஆவது பிரிவின்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத் தரக் குறையோ தெரியவந்தால், கட்டியவரே முப்பது நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். இடையில் கைமாறி வாங்கியவருக்கும் அந்த உரிமை தொடரும். சாவி கொடுத்த தேதியிட்ட கடிதத்தை விற்பவரிடமிருந்து தவறாமல் வாங்கி வையுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு, அக்ரிமென்ட் போட்டுப் பதிவுக்குக் காத்திருந்தது. இடுப்பளவு தண்ணீர் உள்ளே வந்து வடிந்தது. ‘அக்ரிமென்ட் போட்டாச்சு, இனிமே அது அவங்க வீடு மாதிரிதானே’ என்றார் விற்பவர். அப்படி இல்லை. நம் சட்டத்தில் அக்ரிமென்ட் வீட்டின் மேல் எந்த உரிமையையும் வாங்குபவருக்குக் கொடுப்பதில்லை. கிரயப் பத்திரம் பதிவாகும் வரை வீடு விற்பவருடையது, நஷ்டமும் அவருடையது. இருவரும் உடனே எஸ்டிமேட் கேட்டார்கள். நான் மறுத்தேன். நனைந்த செங்கல் சுவர் உலர மாதங்கள் ஆகும், ஈரத்தோடு போடும் எந்தக் கணக்கும் தப்பாகத்தான் முடியும். பதிவை மாசிக்குத் தள்ளிவைத்தார்கள். உலர்ந்த பிறகு பார்த்ததில் வயரிங்கும் கதவுகளும்தான் பெரிய செலவு. விற்பவர் அதை ஏற்றார். அடுத்த வெள்ளத்துக்குப் பயந்து பிளக் பாயின்ட்டுகளை நாலடி உயரத்துக்கு ஏற்றும் செலவை வாங்குபவர் ஏற்றார்.

வாங்குபவர் எப்போதும் அப்பாவி என்று நான் நினைப்பதில்லை. திருவல்லிக்கேணியில் தேக்கு உத்தரமும் சுண்ணாம்புக் காரையுமாக இருந்த ஒரு மெட்ராஸ் டெரஸ் வீட்டை அண்ணன் தம்பி தங்கைகள் சேர்ந்து விற்றார்கள். வாங்க வந்தவர் உத்தரம் உளுத்துவிட்டது, கூரையே மாற்ற வேண்டும் என்று என்னை வைத்துப் பெரிய எஸ்டிமேட் எழுதச் சொன்னார். வீட்டை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப்போகிறார் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. இடிக்கப்போகிற கூரைக்கு ரிப்பேர் செலவு கேட்பது, அந்தக் குடும்பத்தின் கையிலிருந்து காசைப் பிடுங்குவது. எழுதித் தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அக்ரிமென்ட் எழுதும் வக்கீல்களையும் பத்திர எழுத்தர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். நாற்புற எல்லையையும் சதுர அடியையும் இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறீர்கள். அதோடு ஒரே ஒரு பக்கம் சேருங்கள். விற்பவருக்குத் தெரிந்த குறைகள் எவை, ஒவ்வொன்றையும் யார் செலவில், எந்தத் தேதிக்குள், யார் தேர்ந்தெடுத்த ஆளை வைத்துச் சரிசெய்வது என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாங்குபவர்கள் அந்தப் பக்கம் இல்லாத அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். டோக்கன் கொடுப்பதற்கு முந்தின நாளே ஒரு இன்ஜினியரை அழைத்துப் போங்கள், கீழ் வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.